போகிக்கு முன்னாடியே பரணைக் காலி செய்யுங்கள்

ஜனவரி பிறந்ததும் "இந்த வருடம் வீட்டையே மாற்றிவிடுவேன்" என்று மொத்தமாக முடிவெடுக்காதீர்கள், அது பொங்கல் வரைகூடத் தாங்காது. மாதம் ஒரு இடம் என்று காலண்டரில் எழுதுங்கள். ஜனவரிக்குப் பரண், பிப்ரவரிக்கு பீரோ. மூடி தொலைந்த டப்பா, கைப்பிடி உடைந்த குக்கர், எந்த மிக்சிக்கு என்றே தெரியாத ஜார் என்று பரணில் கிடப்பதை எல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்பினால்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று புரியும். பேப்பரும் இரும்பும் பழைய பேப்பர் கடைக்கு. துணியைத் துவைத்து மடித்துக் கொடுங்கள், கிழிந்ததைக் கொடுப்பது மரியாதை இல்லை. டயர், பிளாஸ்டிக்கைப் போகியில் எரிக்கவே வேண்டாம், பக்கத்து வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருக்கலாம். அப்புறம், திரும்ப ஏற்றும் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றின்மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.