ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைச்செயல்பாடு) உள்ள பெரியவர்களோடு ஆன்லைன் படிவத்தைச் சோதிப்பது எப்படி?

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவர்களை அழைத்தால் பட்டனின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். காகித வரைவு நிலையிலேயே அழையுங்கள். அவர்கள் தரும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

கேள்விகள், அறையின் படம், யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பதையெல்லாம் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அமர்வு 45 நிமிடம் போதும், நடுவில் இடைவேளையோடு. செய்துகொண்டே பேசச் சொல்லும் வழக்கமான முறை பலருக்குச் சிரமம். பேச்சும் வேலையும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடும். முடிந்தபின் திரைப்பதிவைச் சேர்ந்து பார்த்துக் கேளுங்கள். எழுதித் தந்தாலும் சரி. "எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருக்கு" என்ற பதிலோடு நின்றுவிடும். "எந்தக் கட்டத்தில் தயங்கினீர்கள்?" என்று கேளுங்கள்.

அடிக்கடி சிக்குவது நேரக்கெடு. கவனம் சிதறித் திரும்புவதற்குள் நிரப்பியதெல்லாம் அழிந்திருக்கும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 ஏற்கும் ஒரு வழி: நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தருவது, பத்து முறையாவது நீட்டிக்க விடுவது. தானாகச் சேமிப்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. தானே ஓடத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் நகரும் பேனருக்கு நிறுத்தும் பட்டன் வேண்டும். கடவுச்சொல், ஓடிபி கட்டங்களில் பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள்; பாதுகாப்புக்கு என்று சொல்லித்தான் பலரும் தடுக்கிறார்கள், ஆனால் நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வது சிரமம்.