சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு டி.பி.எஸ் எடுப்பது எப்படி?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் செயலாளராக நான் பொறுப்பேற்ற நாளில், எனக்கு முன் இருந்தவர் ஒரு சாவிக்கொத்தையும், "ஆசிரியர்களின் டி.பி.எஸ் எல்லாம் பழசாகிவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும்" என்ற ஒரு வசனத்தையும் கையளித்துவிட்டுச் சென்றார். டி.பி.எஸ் என்பது பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் போன்றோரின் குற்றப்பதிவைப் பார்க்கும் அரச சரிபார்ப்பு; அதைச் செய்யும் அமைப்பையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். பதினொரு பேர், எவர் மீதும் ஒரு வழக்கும் இல்லை, இரண்டு வாரத்தில் முடியும் என்று கணக்கிட்டேன். ஐந்து மாதம் சென்றது. தாமதத்துக்கெல்லாம் காரணம் பெயரும் முகவரியும்தான் என்பதால் இந்த விளக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் பி.வி.ஜி, வட அயர்லாந்தில் அக்சஸ் என்.ஐ என்று தனித்தனி ஏற்பாடுகள் உண்டு.

முதலில் எந்த மட்டத்துச் சரிபார்ப்பு வேண்டும் என்பதை முடிவுசெய்யுங்கள். பேசிக், ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்ட், தடைப்பட்டியலோடு சேர்ந்த என்ஹான்ஸ்ட் என நான்கு மட்டங்கள் இருக்கின்றன. தடைப்பட்டியல் என்பது பிள்ளைகளோடோ உதவி தேவைப்படும் வளர்ந்தோரோடோ வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல். பிள்ளைகளைத் தனியாக நின்று, வாரம் ஒருமுறையாவது கற்பிப்பவரும் பராமரிப்பவரும் கடைசி மட்டத்துக்கு உரியவர்கள். இன்னொருவரின் நேரடிக் கண்காணிப்பில் உதவும் தொண்டருக்கு என்ஹான்ஸ்ட் எடுக்கலாம், ஆனால் தடைப்பட்டியலைக் கேட்க முடியாது. விழா நாளில் வடை சுடவும் கதிரை அடுக்கவும் வரும் பெற்றோருக்கு என்ஹான்ஸ்ட் மட்டத்தைக் கேட்பதற்கே சட்டத்தில் இடமில்லை. "எல்லோருக்கும் எடுத்துவிட்டால் பாதுகாப்புத்தானே" என்று எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் வாதிட்டார். நல்லெண்ணம்தான், ஆனால் உரிமையில்லாத மட்டத்தில் ஒருவரின் பதிவைக் கேட்பது சட்ட மீறல். இன்னொன்று, 16 வயது நிரம்பாதவருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே பாலர் வகுப்பில் உதவும் பழைய மாணவர்கள் எப்போதும் ஒரு பெரியவரின் பார்வையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, யார் மூலம் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. பேசிக் சரிபார்ப்பைத் தனியாள் தானே எடுக்கலாம். மேல் மட்டங்களுக்குப் பொதுவாக ஒரு நிறுவனம் கேட்க வேண்டும். வருடத்துக்கு 100 விண்ணப்பங்களாவது அனுப்பும் நிறுவனமே டி.பி.எஸ்ஸில் நேரடியாகப் பதிவுசெய்ய முடியும் என்பதால், எங்களைப் போன்ற சிறு பாடசாலைகள் அம்ப்ரெல்லா பொடி எனப்படும் இடைநிலை அமைப்பு ஒன்றை நாட வேண்டும். இணையவழி விண்ணப்பம் வைத்திருக்கும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. கடதாசிப் படிவத்தில் ஒரு கட்டம் பிழைத்தால் தபாலில் திரும்பி வரும். இணையத்தில் அந்த இடத்திலேயே சிவப்பாகக் காட்டிவிடும்.

இனி என்னைச் சறுக்க வைத்த படிக்கு வருகிறேன். படிவம் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? கந்தையாவின் மகன் சிவகுமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கடவுச்சீட்டில் கந்தையா குடும்பப்பெயராக நிற்கும். வங்கியில் அவர் சிவகுமாரைக் குடும்பப்பெயராகக் கொடுத்திருப்பார், ஏனென்றால் ஊழியர்கள் தன்னைத் தகப்பனாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் கே. என்ற முதலெழுத்து மட்டும் இருக்கும். திருமணமான பெண்களின் நிலை இன்னும் சிக்கல்: ஊரில் தகப்பன் பெயர், இங்கே கணவன் பெயர், சிலரிடம் இரண்டும் சேர்ந்து. இவை எல்லாம் ஒரே ஆள் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். சரிபார்ப்பவருக்கு அவை மூன்று ஆட்கள்.

முதல் தடவை நான் ஒவ்வொருவரிடமும் "உங்கள் பெயரை எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னேன். பதினொன்றில் ஏழு திரும்பி வந்தன. இப்போது நான் செய்வது இதுதான்: கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே, ஓர் எழுத்தும் மாறாமல், விண்ணப்பத்தின் குடும்பப்பெயராக இடச் சொல்கிறேன். ஏனைய வரிசைகள், எழுத்துக்கூட்டல்கள், திருமணத்துக்கு முன்னைய பெயர் ஆகிய அனைத்தும் வேறு பெயர்கள் என்ற பகுதியில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்ற விபரத்தோடு போகின்றன. பெயர் மாறியதற்குத் திருமணச் சான்றிதழ் போன்ற ஆவணம் இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்கிறேன்.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002 ஓகஸ்ட் மாதத்தில் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொலையாளி அவ்வூர்ப் பாடசாலையொன்றின் கட்டடப் பராமரிப்பாளர். அவர் வேறொரு பெயரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முன்னைய பெயரில் வேறு மாவட்டத்தில் இருந்த முறைப்பாடுகள் சரிபார்ப்பில் வெளிவரவில்லை. அதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணையின் அறிக்கை 2004இலும், தடைப்பட்டியல்களுக்கு வழிசெய்த சட்டம் 2006இலும் வந்தன. அப்போதிருந்த இரண்டு அமைப்புகளை இணைத்து 2012 டிசம்பரில் உருவானதே டி.பி.எஸ். ஆசிரியர் ஒருவர் "இத்தனை பெயரை ஏன் எழுத வேண்டும்" என்று சலித்துக்கொண்டபோது இந்தக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தன் பாடசாலைக்காலப் பெயர் வரை நினைவுபடுத்தி எழுதினார்.

முகவரிக்கு ஐந்து வருட வரலாறு இடைவெளியின்றி வேண்டும். வெளிநாட்டில் இருந்த காலமும் அதில் அடங்கும். மாமா வீட்டில் மூன்று மாதம் தங்கியதைப் பலர் விட்டுவிடுவார்கள். அந்த மூன்று மாதமே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். நான் ஓர் எக்ஸெல் தாளில் மாதங்களை வரிசையாக இட்டு, வெறுமையாக நிற்கும் மாதத்தை முதலில் கேட்டு நிரப்பிக்கொள்கிறேன். இதற்கென்று விற்கப்படும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

ஆவணங்களைப் பொறுத்தவரை பொதுவாக மூன்று போதும். கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ போன்ற முதன்மை ஆவணம் ஒன்று, அதோடு வேறு இரண்டு. அவற்றுள் ஒன்று பிறந்த திகதியையும் ஒன்று தற்போதைய முகவரியையும் காட்ட வேண்டும். வங்கி அறிக்கை என்றால் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் அச்சடித்த அறிக்கையை எங்கள் விண்ணப்பங்களைப் பார்த்தவர் ஏற்கவில்லை. தபாலில் வந்ததையே கேட்டார்.

சான்றிதழ் விண்ணப்பதாரரின் வீட்டுக்குத்தான் வரும். பாடசாலைக்குப் பிரதி வராது. இது தெரியாமல் நான் ஆறு வாரம் தபாற்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சான்றிதழ்களோ ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளில் தூங்கிக்கொண்டிருந்தன. மூலச் சான்றிதழைக் கண்ணால் பார்த்து, இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வந்த கையோடு அப்டேட் சேர்விஸ் எனப்படும் சேவையில் அவர்களைப் பதிவுசெய்ய வையுங்கள். சான்றிதழின் திகதியிலிருந்து 30 நாள்தான் அவகாசம். தொண்டருக்கு அது இலவசம், பதிந்துவிட்டால் அடுத்த வருடம் அவரின் சம்மதத்தோடு இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்களில் நால்வர் இந்த அவகாசத்தைத் தவறவிட்டு, பின்னர் முழு விண்ணப்பத்தையும் மறுபடி செய்தார்கள்.

டி.பி.எஸ் வெளிநாட்டுப் பொலிஸ் பதிவுகளைப் பொதுவாகக் காட்டாது. அண்மையில் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த ஆசிரியரிடம் அந்நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அதை அவர் தாமே எடுக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தங்கள் மண்டபத்தில் நடக்கும் முதியோர் ஒன்றுகூடலுக்கும் இதே முறையா என்று கேட்டார். இல்லை. வளர்ந்தோர் விடயத்தில் வயதை வைத்து முடிவுசெய்வதில்லை. செய்யும் வேலையை வைத்தே முடிவுசெய்கிறார்கள். முதியவர்களோடு பாட்டுப் பாடித் தேநீர் கொடுப்பவர் தடைப்பட்டியலோடு சேர்ந்த மட்டத்துக்குள் வரமாட்டார். நோயினாலோ முதுமையினாலோ இயலாத ஒருவரைக் குளிப்பாட்டி உடை மாற்றுபவரும், அவருடைய பணத்தை வாங்கிக் கடைக்குச் சென்று வருபவரும் ஒரே ஒரு தடவை செய்தாலும் வருவார்கள். படிவத்தில் வேலையின் பெயருக்கு முன்னால் சிறுவர் பிரிவா, வளர்ந்தோர் பிரிவா, இரண்டுமா என்று சரியாக எழுதாவிட்டால் தவறான பட்டியலைத்தான் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை, பணம் பற்றியது. தொண்டர்களுக்கு டி.பி.எஸ் கட்டணம் இல்லை. இடைநிலை அமைப்பு தன் சேவைக்கு மட்டும் ஒரு சிறு தொகை கேட்கலாம். ஆனால் பயணச் செலவு போன்ற கைச்செலவுக்கு மேல் தவணைக்கு ஒரு தொகையை "அன்பளிப்பு" என்று கவரில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பாடசாலையில் இருந்தால், அதைப் பெறுபவர் இந்தக் கணக்கில் தொண்டர் அல்லர். அவருக்கு, 2024 டிசம்பர் முதல் உள்ள வீதப்படி, 49.50 பவுண் கட்ட வேண்டும். எங்கள் பொருளாளரும் நானும் பழைய பற்றுச்சீட்டுகளைப் புரட்டி, பதினொரு பேரில் மூவரை அந்தப் பக்கத்துக்கு மாற்றினோம்.