மேய்ப்பு நாய்க்குட்டியைப் பழக்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குட்டி வாங்கியவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ ஆட்டுக்குள்ள விடலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாதக் குட்டியை நாற்பது ஆட்டுக்குள் அவிழ்த்துவிட்டேன். கொடைக்கானல் மலையில் எங்கள் மன்னவனூர் பக்கம் நிலம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், படிப்படியாக வெட்டிய மேடு, ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்கட்டு, கீழே யாராவது ஒருவருடைய பூண்டுப் பாத்தி. குட்டி குஷியாக ஓடியது, ஆடு மிரண்டு சிதறியது, சினையாக இருந்த ஒரு ஆடு கல்கட்டிலிருந்து குதித்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. அன்று நாய் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறே இந்த அவசரம்தான். ஆட்டைச் சுற்ற வேண்டும் என்ற ஆசை நல்ல மேய்ப்பு நாயின் ரத்தத்திலேயே இருக்கிறது. ஓநாய் வேட்டையாடும்போது உற்றுப் பார்க்கும், பதுங்கும், வளைத்துச் சுற்றும், கடைசியில் கடிக்கும். மேய்ப்பு இனங்களில் முதல் மூன்றையும் வைத்துக்கொண்டு கடைசியை மட்டும் மட்டுப்படுத்தி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வாரிசுகள்தான் இன்றைய பார்டர் கோலி என்ற மேய்ப்பு இன நாய்களில் பெரும்பாலானவை. அது குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் என்பதற்காகவே அத்தனை பேர் அதன் குட்டிகளைத் தேடினார்கள். ஆக, ஆசையை நாம் ஊட்ட வேண்டியதில்லை. சில குட்டிக்கு நான்கு மாதத்தில் எட்டிப் பார்க்கும், சிலதுக்கு ஒரு வயது ஆகும். அது எட்டிப் பார்த்த அன்றே வேலைக்கு இறக்கினால் என்ன ஆகும்? ஆடு குட்டியைவிட வேகமாக ஓடும். குட்டியால் முன்னால் போய் மறிக்க முடியாது, பின்னாலேயே துரத்தும். துரத்தினால் ஆடு ஓடுகிறது என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் முதல் பாடம், அந்தப் பாடத்தை அழிக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. இல்லாவிட்டால் ஒரு கிடா திரும்பி முட்டிவிடும், அதோடு அந்தக் குட்டி ஆட்டைக் கண்டாலே ஒதுங்கும். எலும்பும் முதிர்ந்திருக்காது, ஒரு வயதுக்கு முன்னால் மேட்டிலும் பள்ளத்திலும் விடாமல் ஓடவிடுவது மூட்டுக்குக் கெடுதல். குட்டி சுலபமாக ஆட்டை முந்திப் போகும் அளவுக்கு வளரட்டும். பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு மாதம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. கூப்பிட்டால் வர வேண்டும், படு என்றால் எங்கே இருந்தாலும் படுக்க வேண்டும், கயிற்றில் நடக்க வேண்டும். நாம் பட்டியில் வேலை செய்யும்போது கயிற்றோடு வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும், ஆட்டு வாசனை, மணிச் சத்தம், கதவு திறக்கும் சத்தம் எல்லாம் பழகட்டும். ஆனால் ஆளில்லாமல் ஆட்டுப் பக்கம் விடவே கூடாது. வேலிச் சந்து வழியாகக் குட்டி நாள் முழுக்க ஆட்டையே முறைத்துக்கொண்டு கிடப்பதையும் விடாதீர்கள். அது நமக்குத் தெரியாமல் தானே ஒரு வேலையைப் பழகிக்கொள்வது மாதிரி, பிறகு நாம் சொல்வது காதில் ஏறாது.

இன்னொரு குழப்பம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. காவல் நாயும் மேய்ப்பு நாயும் ஒன்று என்று நினைப்பது. நம் கிடைகளில் பரம்பரையாக இருப்பது பட்டிநாய், அது காவலுக்கு. செந்நாயோ சிறுத்தையோ வந்தால் குரல் கொடுக்கும், ஆட்டோடு ஆடாகப் படுத்துக்கிடக்கும். கோம்பை, ராஜபாளையம் எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனவை. அவற்றிடம் போய் வளைத்துச் சுற்று, மெதுவாக ஓட்டிக்கொண்டு வா என்றால் அது நியாயமில்லை. அதே மாதிரி பார்டர் கோலியைப் பட்டியில் கட்டிவைத்துச் சிறுத்தையிலிருந்து மந்தையைக் காப்பாற்று என்றாலும் நியாயமில்லை. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, தாயும் தகப்பனும் அந்த வேலையைச் செய்வதை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீடியோவில் பார்த்த அழகுக்காக வாங்கி, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் பார்டர் கோலிக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான், போகிற பைக்கையெல்லாம் துரத்தும்.

சரி, இப்போது வேலை தொடங்குகிற நேரம். இங்கேதான் நான் நிறையக் கெடுத்தேன்.

ஆட்டுத் தேர்வு. நாயைப் பற்றி யோசிக்கும் நாம் ஆட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஐந்தாறு ஆடு போதும், வயதான, நாயைப் பார்த்து அலறாத, சேர்ந்தே நிற்கிற ஆடுகள். கிடா வேண்டாம், குட்டி போட்ட தாய் வேண்டவே வேண்டாம், தன் குட்டிக்காக அது நாய் மேலேயே பாயும். பெரிய புல்வெளியில் தொடங்காதீர்கள். சுமார் முப்பது நாற்பது மீட்டர் குறுக்களவில், மூலை இல்லாமல் ஓரளவு வட்டமாக அடைத்த இடம் நல்லது. மூலை இருந்தால் ஆடு அதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், நாய் உள்ளே புகுந்து கடிக்கும்.

அப்புறம் நாம் எங்கே நிற்கிறோம் என்பது. ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஆடு, நாம் ஆறு மணியில், நாய் பன்னிரண்டு மணியில். ஆட்டை நம்மிடம் கொண்டுவருவதுதான் பார்டர் கோலியின் இயல்பு. நாமோ பின்னால் நின்றுகொண்டு "ஓட்டு, ஓட்டு" என்று நாயை நம் பக்கத்திலிருந்து முன்னால் தள்ளுகிறோம். நாய் குழம்பிப்போய் மறுபக்கம் ஓடும், நாம் திட்டுவோம், அது இன்னும் குழம்பும். தொடக்க மாதங்களில் நாம் பின்னோக்கி நடக்க வேண்டும், நாய் ஆட்டை நம்மை நோக்கிக் கொண்டுவரட்டும், அவ்வளவுதான். நம்மை விட்டு அப்பால் ஓட்டிச் செல்வது பல மாதம் கழித்துக் கற்றுத்தர வேண்டிய பாடம்.

நான் திணறுவதை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருநாள் இறங்கி வந்தார். அறுபது வருஷமாக ஆடு மேய்ப்பவர், கோலியைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏந் தம்பி நாயையே பாத்துக்கிட்டு இருக்க? ஆட்டப் பாருய்யா. தலையத் தூக்கிருச்சு பாரு, காத விடச்சிருச்சு. இப்ப ஒரு எட்டு பக்கத்துல வந்தா ஓடிரும்."

"நாய் தப்பு பண்ணா திருத்தணும்ல பெரியப்பா?"

"ஆடு பதறுனப்புறம் திருத்தி என்னாகப் போகுது? பதறதுக்கு முன்னாடி நாய நிப்பாட்டு."

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது, தனக்கு நேர் பின்னால் ஒரு சிறு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். நாய் எவ்வளவு தூரம்வரை வந்தால் பொறுக்கும் என்று ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையின் விளிம்பில் நாய் நின்றால் ஆடு நடக்கும், உள்ளே புகுந்தால் ஓடும். நாய் நெருங்கிச் சுற்றினால் நாம் நடுவே இறங்கி, தடியைத் தரையில் தட்டி அதை வெளியே தள்ள வேண்டும், வட்டம் பெரிதாக வேண்டும். தடி நாயின் உடம்பில் படவே கூடாது. கடித்தாலும் அடிக்காதீர்கள், பெரும்பாலும் அது பயத்தில் கடிக்கிறது, அல்லது இடம் போதாமல் கடிக்கிறது. உடனே படுக்கவைத்து, தூரத்தைக் கூட்டித் திரும்பத் தொடங்குங்கள்.

கத்துவது பெரிய தவறு. "படு, படு, ஏய் படுறா" என்று நான்கு தடவை சொன்னால், நான்காவது தடவைதான் படுக்க வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒருமுறை சொல்லுங்கள், படுக்காவிட்டால் நடந்து போய்ப் படுக்கவையுங்கள். இதற்காகவே முதல் சில வாரம் பத்து மீட்டர் லேசான கயிறு கழுத்துப்பட்டையில் இழுபடட்டும்.

சொற்களையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதலில் வலம், இடம் என்று வைத்தேன். பேச்சுக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் காற்றில் நூறு மீட்டர் தாண்டிப் போகும்போது இரண்டும் 'அம்' என்றுதான் கேட்கும். இப்போது வடக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேய்ப்பர்களின் சொல்லையே எடுத்துக்கொண்டேன், கடிகாரம் சுற்றுகிற பக்கம் ஆட்டைச் சுற்ற 'கம்பை' (come-bye), எதிர்ப்பக்கம் 'அவே' (away). படுக்க 'படு', வேலை முடிந்தது என்பதற்குப் 'போதும்'. வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள்தான் வேலை வாங்க வேண்டும். கையைக் காட்டியே பழக்கிவிடாதீர்கள். இங்கே மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் இருபதடி தள்ளி நிற்கும் நாய் தெரியாது, அதற்கும் நம்மைத் தெரியாது. அப்போது குரலும் சீழ்க்கையும்தான் கைகொடுக்கும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம், நன்றாகப் போனால் பதினைந்து. நன்றாகப் போகிறதே என்று இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இழுத்தால், களைத்த நாய் தப்பு செய்யும், தப்போடு அன்றைய பாடம் முடியும். நாயின் நாக்கு நீளமாகத் தொங்குவதற்கு முன்னால், அது ஒரு நல்ல காரியம் செய்த கையோடு 'போதும்' சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள், என்ன நாசம் செய்துவிட்டு வந்திருந்தாலும் சரி. வந்ததற்காகத்தான் அடி விழுந்தது என்று அது புரிந்துகொள்ளும், அடுத்த தடவை வராது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டியைச் சேர்த்து வளர்ப்பதும் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று பார்க்குமே தவிர நம்மைப் பார்க்காது.

நம் மலைக்கென்றே சில உண்டு. கூப்பிட்டால் வராத நாயைக் காட்டோரம் கொண்டுபோகாதீர்கள். அது காட்டுமாட்டைப் பார்த்துக் குரைக்கும், மாடு துரத்தும், நாய் நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே மாடும் வரும். இரவில் வெளியே சங்கிலியில் கட்டாதீர்கள், சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு பிடிக்கும், கட்டிய நாயால் ஓடவும் முடியாது. கதவு வைத்த கூண்டோ கொட்டகையோ வேண்டும்.

கடைசியாக மருந்து விஷயம், இதில் கவனக்குறைவாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டு மூளையில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்ற நாய்க்கு வயிற்றில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும், அந்தப் புல்லை மேயும் ஆட்டின் மூளையில் மறுபடி கட்டி வரும். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுகிற ஆட்டைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போட்டால் இன்னொரு நாடாப்புழு வரும், அதன் கட்டி மனிதனுக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டல் சேர்ந்த குடற்புழு மாத்திரை கொடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மருந்து மிச்சமிருக்கிறது, நாய்க்கும் உண்ணி இருக்கிறது என்று அதே ஊசியைப் போட்டுவிடாதீர்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றின் மரபணுவில் ஒரு குறை உண்டு, அவற்றுக்கு ஆட்டின் அளவில் அந்த மருந்து போனால் மூளையைத் தாக்கும், தள்ளாடும், கண் தெரியாமல் போகும், உயிரே போகலாம். பார்டர் கோலியில் இந்தக் குறை குறைவுதான், ஆனாலும் உங்கள் நாய்க்கு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. உண்ணிக்கு என்ன போடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டிக் கேளுங்கள், ஆட்டு மருந்துப் பெட்டியை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.