சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப்: முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு

என் அக்கா மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் கழித்து, சம்பளச் சீட்டோடு வந்தான். "மாமா, இந்த 1,680 ரூபாய் மாசாமாசம் எங்க போகுது?" என்று கேட்டான். அன்று அவனோடு உட்கார்ந்து பார்த்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டினால் அவனுக்கு 14,000. அதில் 12 சதவீதம்தான் அந்த 1,680. அது பி.எஃப் என்கிற வருங்கால வைப்பு நிதியில் உங்கள் பெயரில் சேர்கிறது. கம்பெனியும் இதே அளவு போட வேண்டும். ஆனால் கம்பெனி பங்கு முழுதும் பி.எஃப்-இல் சேராது. சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 514 மட்டுமே பி.எஃப்-க்கு வரும். பென்ஷன் கணக்குக்குப் பொதுவாக 15,000 வரையிலான சம்பளத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அந்தப் பங்கு 1,250-ஐத் தாண்டாது.

அடுத்து யூஏஎன். இது உங்கள் பி.எஃப் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் 12 இலக்க எண். எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒன்றுதான். புது வேலையில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள். அதை ஆன்லைனில் செயல்படுத்தி ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் இணைத்துவிடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். ஆதாரில் 'முருகன் குமாரசாமி', கம்பெனி கொடுத்த விவரத்தில் 'கே. முருகன்' என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள், கணினிக்கு இரண்டு பேர். பணம் கேட்டு விண்ணப்பிக்கும் நாள்வரை இதை விட்டுவைக்காதீர்கள். வேலையில் இருக்கும்போதே திருத்துவதுதான் சுலபம்.

சரி, இப்போது பாஸ்புக். ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று தொகை தெரியும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். அதனால் 20-ஆம் தேதிக்கு மேல் ஒருமுறை பாருங்கள். என் முதல் வேலையில் மூன்று மாதம் பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை. நான் பார்க்காததால் எனக்குத் தெரியவே இல்லை. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். முதலில் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பி.எஃப் நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுங்கள். அதற்குச் சம்பளச் சீட்டுதான் ஆதாரம், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

வேலை மாறும்போதுதான் பலர் கைவைக்கிறார்கள். 40,000 ரூபாய் சும்மா கிடக்கிறதே, எடுத்து போன் வாங்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம், இந்தப் பாதுகாப்போடு இவ்வளவு வட்டி வங்கியில் கிடைப்பது கடினம். தொடர்ந்து ஐந்து வருடம் முடியும் முன்பு 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால், பான் இருந்தாலும் 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் பொதுவாகத் தருவார்கள். மாற்றிவிட்டால் பழைய கம்பெனி வருடங்களும் அந்த ஐந்தில் சேரும். பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடச் சர்வீஸிலும் சேரும்.

மாற்றுவதற்கு முன் பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பதியலாம். மாற்றியபின் பென்ஷன் பங்கு சுழியம் என்று காட்டினால் பதற வேண்டாம். அந்தப் பணம் பி.எஃப் போல நகராது, சர்வீஸ் வருடங்கள்தான் கூட வரும்.

அப்புறம் நாமினி, அதாவது உங்களுக்குப் பின் அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடும் ஆள். ஆன்லைனிலேயே போடலாம். வேலையில் இருக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனால், இதே கணக்கோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும்; அதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை. அக்கா மகன் அன்றைக்கே அம்மா பெயரைப் போட்டான். கல்யாணம் ஆனதும் திரும்பப் போட வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.