மலை ஏரியை எண்ணெய் வண்ணத்தில் வரைய: தண்ணீரில்தான் இருக்கிறது வேலை

மலை ஓரளவு வந்துவிடும். சொதப்புவது ஏரிதான். தண்ணீர் என்றதும் கை தானாக நீல ட்யூபைத் தேடும். அசையாத தண்ணீருக்கென்று தனி நிறம் கிடையாது. எதிரே நிற்பதை வாங்கிக் காட்டும், அவ்வளவுதான்.

30 × 40 செ.மீ. கேன்வாஸ் போதும். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு) என ஐந்தே நிறங்கள். கறுப்பு ட்யூப் வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். 1 அங்குலத் தட்டை பிரஷ், 6ஆம் எண் பிரஷ், மென்மையான உலர்ந்த பிரஷ் ஒன்று, பேலட் (வண்ணம் கலக்கும் பலகை), பேலட் கத்தி ஒன்று.

முதலில் கரைக்கோடு. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், இரு ஓரங்களிலும் அளந்து ஸ்கேல் வைத்தே போடுங்கள். சில மில்லிமீட்டர் சாய்ந்தாலும் ஏரி ஒரு பக்கமாக வழிவது போலத் தெரியும்.

வானம், தூரத்து மலை, பக்கத்து மலை, மரங்கள் என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். தூரத்து மலைக்கு வெள்ளை 4 பங்கு, நீலம் 1 பங்கு, சியன்னா துளி. மரப் பச்சைக்கு அல்ட்ராமரைனும் ஓக்கரும். மலைமேல் பனிக்கு வெள்ளையைக் கத்தியில் எடுத்து, அழுத்தாமல் சரிவோடு இழுங்கள். வண்ணம் அங்கங்கே விட்டுவிட்டுப் பிடித்தால் பாறை தெரியும். கீழ்ப்பூச்சு கொழகொழவென்று இருந்தால் பனி சாம்பலாகிவிடும். அப்போது தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இனி ஏரி. பேலட்டில் மிச்சமிருக்கும் அதே கலவைகளை எடுங்கள், சிறு மாற்றத்தோடு: இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிறியிருக்கும், பனியின் பிம்பம் பனியைவிடச் சற்று மங்கியிருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் நேர்கீழே செங்குத்தாக இழுத்து வையுங்கள். பிறகு உலர்ந்த பிரஷை, எடையே இல்லாமல், இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்போடு கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் எல்லா நிறமும் கலந்து சேறுதான். (இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் பல படங்கள் போகின்றன.)

மலையை அப்படியே தலைகீழாகப் பிரதி எடுப்பதும் தவறு. நம் கண் தண்ணீருக்கு மேலே இருப்பதால், பிம்பத்தில் முன்னால் நிற்கும் மரங்கள் தூரத்து மலையைக் கூடுதலாக மறைக்கும். மலை குட்டையாகத் தெரியும். காலடியருகே பிம்பம் மெலிந்து தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கற்கள் தெரியும். அங்கே ஓக்கரும் சியன்னாவும் வரட்டும். கடைசியாகக் கத்தி விளிம்பால் கரையோரம் மெல்லிய வெளிர்கோடு ஒன்று, அங்கங்கே அறுந்தபடி.

அடிப்பூச்சில் டர்பன்டைன், மேற்பூச்சுகளில் கொஞ்சம் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய். இதை மாற்றினால், மேலே சீக்கிரம் காய்ந்த பூச்சு, அடியில் மெல்லக் காயும் பூச்சின் அசைவில் வெடிக்கும். வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.