காவடி எடுக்கப் போகும் சர்க்கரைக்காரர்கள் முதலில் காலைப் பாருங்கள்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி நல்ல கோடையில்தான் வரும். ஆற்றில் குளித்து அங்கிருந்து கோயில் வரை வெறுங்காலில், வெயிலில் காய்ந்த தார் ரோட்டில். என் பெரியப்பா அப்படித்தான் நடந்தார். வீட்டுக்கு வந்து, வெள்ளை டைல்ஸில் ரத்தத் தடத்தைப் பார்த்துப் பெரியம்மா கத்தியபோதுதான் உள்ளங்கால் தோல் உரிந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. "கொஞ்சங்கூட வலிக்கலையே, முருகன் பாத்துக்கிட்டான்" என்றார். முருகன் இல்லை, பல வருடச் சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போயிருந்தது.

அதனால் விரதம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலுமாக மொத்தம் 6 இடத்தில், ஆள்காட்டி விரலால் லேசாக ஒன்றிரண்டு விநாடி தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. 2 இடத்திலாவது தொட்டது தெரியவில்லை என்றால் வெறுங்கால் நடை வேண்டாம், தீமிதி பற்றிப் பேச்சே வேண்டாம், டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்குச் சோதனையே தேவையில்லை, வெறுங்கால் நடை வேண்டாம்: அவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. குருக்களிடம் சொல்லிச் செருப்போடு நடக்கலாமா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் என்ன? விரத நாட்களில் இன்சுலின், மாத்திரை அளவையும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மற்ற நாட்களில் ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. இங்கே எல்லாரும் போடுகிற சவாத் என்கிற ரப்பர் செருப்பின் வார் உரசுகிற இடம் அதுதான். காலைக் கழுவினால் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள். க்ரீம் பாதத்துக்கு மட்டும், இடுக்குக்கு வேண்டாம். ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுப் போடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், ஆணி பிளாஸ்டரும் ஒட்டாதீர்கள், அதில் உள்ள ஆசிட் நல்ல தோலையும் அரிக்கும். காய்ப்புக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, மேலே தோல் மூடியிருந்தாலும் அதைப் புண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, புண் வந்தே விட்டது. சுத்தமான தண்ணீரில் கழுவி, காஸ் துணியால் மூடி, மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே. மஞ்சள், பற்பசை, வெந்நீரில் ஊறவைப்பது எதுவும் வேண்டாம். சிவப்பு பரவினால், சீழ், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தைவிடப் பெரிய வேலை அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. அதற்குத்தான் மாவுக்கட்டோ தனி பூட்ஸோ போட்டு அனுப்புகிறார்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், "பாத்ரூம் வரைக்கும்தானே" என்று கழற்றிவிடுவார்கள். பெரியப்பாவுக்குப் புண் ஆற 6 மாதம் ஆனது, அதில் பாதி அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு டீ போடச் சமையலறைக்கு நடந்த கணக்கு.