பட்ஜெட் காம்பாக்ட் கேமரா: கடையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

விலை குறைந்த காம்பாக்ட் கேமரா வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? போனை விட நல்ல படம் வரும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். பல வேலைகளில் போன்தான் ஜெயிக்கும். ஆனால் போனுக்கு வராத சில வேலைகளும் இருக்கின்றன. அவை உங்களுக்குத் தேவையா, கையில் எடுத்திருக்கும் கேமரா அவற்றை ஒழுங்காகச் செய்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

உதாரணத்துக்கு சோனி சைபர்ஷாட் டபிள்யூ830-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2014-இல் வந்த எளிய கேமரா. 20.1 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம், 720பி வீடியோ. செகண்ட்ஹேண்டில் இந்த வகைக் கேமராக்கள்தான் அதிகம் கண்ணில் படும். வேறு மாடல் என்றாலும் சோதிக்கும் முறை இதேதான்.

படி 1: உங்கள் போனில் இருக்கும் படங்களைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் போன் கேலரியைத் திறந்து, சொதப்பிய படங்களை மட்டும் பாருங்கள். பள்ளி ஆண்டுவிழா மேடையில் பிள்ளை புள்ளியாகத் தெரிகிறதா? கோபுரத்தின் மேல் நிலையில் இருக்கும் சுதைச் சிற்பம் குழைந்து போயிருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குத் தேவை ஜூம். இருட்டில் ஓடியாடும் குழந்தைகள் கலங்கலாக வருகிறார்களா? அப்போது தேவை நல்ல ஃபிளாஷ். இரவுத் தெரு, மங்கிய அறை, ஃபிளாஷ் போடாமல் படம் என்பதுதான் குறை என்றால், மலிவான காம்பாக்ட் உங்களைக் காப்பாற்றாது. காரணம் அடுத்த படியில்.

படி 2: அட்டைப்பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்

மெகாபிக்சலைத் தாண்டிப் போங்கள். 4x6 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டாலும், 2 மெகாபிக்சல் சொச்சம்தான் ஆகிறது. ஏ4 அளவுக்கு 9-க்குள் அடங்கிவிடும். 20 இருப்பதில் தவறில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

சென்சார் அளவுதான் முக்கியம். வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். டபிள்யூ830 உட்பட மலிவான காம்பாக்ட்களில் பெரும்பாலானவற்றில் 1/2.3 அங்குல வகை சென்சார். அது பெயர் மட்டும்தான், உண்மை அளவு ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். இன்றைய நடுத்தரப் போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாததற்கு, போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான பிசிறை, குறைத்துவிடுகிறது. இருட்டில் போன் ஜெயிப்பது இதனால்தான். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இல் ஒரு அங்குல வகை சென்சார். பரப்பில் நான்கு மடங்கு. பழைய மாடல்தான், இருந்தாலும் செகண்ட்ஹேண்டில் விலை அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை.

அடுத்து ஜூம். 'ஆப்டிகல்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். தூரத்துக்கென்று தனி டெலி லென்ஸ் இல்லாத 50 மெகாபிக்சல் போனில் 8 மடங்கு ஜூம் செய்தால், 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மெகாபிக்சல்கூட இருக்காது. லென்ஸே நீண்டு 8 மடங்கு தரும் கேமரா இங்கேதான் தன் விலையை நியாயப்படுத்துகிறது.

ஆன்லைனில் '48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்' என்று பெயர் தெரியாத கம்பெனிகளின் கேமராக்கள் பார்த்திருப்பீர்கள். ஆப்டிகல் ஜூம் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. பல சமயம் ஃபோகஸே நகராத லென்ஸ்தான் உள்ளே இருக்கும். சிறு குழந்தை விளையாட வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக லென்ஸ் துளை எண். எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். டபிள்யூ830-இல் எஃப் 3.3 முதல் 6.3 வரை. ஜூமை முழுக்க நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பகலில் அட்டகாசமாக இருந்த ஜூம் மண்டபத்துக்குள் தடுமாறுவது இதனால்தான்.

படி 3: கடையில் செய்ய வேண்டிய சோதனை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். எடுத்த படங்கள் வீட்டுக்கு வர வேண்டும். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி வகை கார்டு வந்ததே 2006-இல். அதற்கு முந்தைய கேமராவில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு பொதுவாக ஓடாது. மிகப் பழைய கேமரா பார்க்கிறீர்கள் என்றால் சிறிய கார்டு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆன் செய்து காதில் கேளுங்கள். லென்ஸ் வெளியே வரும்போது சீரான மோட்டார் சத்தம் சரி. கரகரவென்று அரைத்தால் உள்ளே மணல். கடற்கரைக்குப் போய் வந்த காம்பாக்ட்கள் பெரும்பாலும் இப்படித்தான் 'லென்ஸ் எரர்' காட்டிச் சாகின்றன. பழுது பார்க்கும் செலவு கேமரா விலையையே தொட்டுவிடும். ஆன், ஆஃப் நாலைந்து தடவை செய்து, ஜூமை இரு முனைக்கும் ஓட்டிப் பாருங்கள்.

லென்ஸ் வெளியே இருக்கும்போதே போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரத்தில் அலமாரியில் பூட்டி வைத்த கேமராக்களில் சகஜம். வாங்க வேண்டாம்.

இப்போது வெள்ளைச் சுவர். ஜூமை முழுக்க நீட்டி, சுவரையோ வெளிறிய வானத்தையோ எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் வெளியிலிருந்து துடைக்க வழியில்லை.

கடைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். அந்த ராகு காலம், எமகண்டம் பொடி எழுத்துகளை விட நல்ல சோதனை அட்டை கிடைக்காது. நேராக நின்று, காலண்டர் படம் முழுக்க நிறைகிற மாதிரி ஜூம் இல்லாமல் ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுங்கள். மலிவான லென்ஸில் நாலு மூலையும் கொஞ்சம் மங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால், லென்ஸ் எப்போதோ அடி வாங்கிக் கோணிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சம் குறைந்தால் படத்தைப் பிரகாசமாக்க ஏற்றும் எண். ஏற்ற ஏற்ற இரைச்சலும் கூடும். மெனுவில் 100, 400, 800, 1600 என்று மாற்றி மாற்றி ஒருவர் முகத்தை எடுங்கள். இந்த அளவு சென்சாரில் 400 வரை நன்றாக இருக்கும், 800-இல் தலைமுடி இழைகள் குழையத் தொடங்கும், 1600 என்பது வேறு வழியில்லாதபோது மட்டும் என்பது என் கணக்கு.

வேகத்தையும் அளந்துவிடலாம். போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, 5 வினாடி காட்டும் நொடியில் கேமரா ஷட்டரை அழுத்துங்கள். படத்தில் 5.7 என்று இருந்தால் கிட்டத்தட்ட முக்கால் வினாடித் தாமதம். அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பிவிடும். மீண்டும் ஒருமுறை, இந்தத் தடவை பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனதும் காத்திருந்து, பிறகு முழுக்க அழுத்துங்கள். தாமதம் வெகுவாகக் குறைந்தால் கேமரா சரி, பழக்கம்தான் வேண்டும். அப்போதும் குறையவில்லை என்றால் வைத்துவிடுங்கள்.

ஃபிளாஷைக் கட்டாயம் சோதியுங்கள். காம்பாக்ட்களில் இருப்பது பெரும்பாலும் செனான் ஃபிளாஷ். ஒரு கணம் பளீரென்று அடித்து அசைவை உறையவைக்கும். போனின் எல்இடி விளக்கால் அது ஆகாது. ஆறடி தூரத்தில் ஒருவரைக் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். அடுத்த ஃபிளாஷுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்றும் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பிரபலமான அந்தப் 'பழைய சிசிடி லுக்'குக்காக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிசிடி என்பது பழைய டிஜிட்டல் கேமராக்களில் பரவலாக இருந்த சென்சார் வகை. டபிள்யூ830-இல் இருப்பதும் அதுதான். ஆனால் அந்தத் தோற்றத்தில் பெரும்பங்கு நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷுக்குச் சொந்தம் என்பேன். சிசிடி என்று எழுதியிருப்பதற்காக இரட்டிப்பு விலை தராதீர்கள்.

பேட்டரி உப்பியிருக்கிறதா, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, கார்டு மூடி நிற்கிறதா என்று பார்த்து, அரை நிமிடம் வீடியோ எடுத்தால் கடை வேலை முடிந்தது.

படி 4: வீட்டில் பெரிய திரையில்

கேமராவின் திரையை நம்பாதீர்கள். டபிள்யூ830-இன் 2.7 அங்குலத் திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். கணினியில் 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். அதே காலண்டரை, அதே முகத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

கலங்கிய படம் இருந்தால் அதன் விவரங்களைத் திறந்து ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய எடுத்த நேரம், என்ன என்று பாருங்கள். 1/15 வினாடி என்றிருந்தால் கை ஆடியிருக்கும், லென்ஸைக் குறை சொல்ல முடியாது. 1/500-இலும் கலங்கலாக இருந்தால் ஃபோகஸிலோ லென்ஸிலோதான் கோளாறு.

படி 5: விலை பேசுவது

கேமரா விலையோடு கூடுதல் பேட்டரி, சார்ஜர், கார்டு ரீடர் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். டபிள்யூ830-இல் வைஃபை கிடையாது. படம் போனுக்கு வர ரீடர் வேண்டும். 2016-இல் வந்த கேனான் எஸ்எக்ஸ்620 எச்எஸ்-இல் வைஃபையும் 25 மடங்கு ஜூமும் உண்டு. விலை வித்தியாசம் சிறிதென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். செகண்ட்ஹேண்ட் என்றால் ஒரு வாரமாவது திருப்பித் தரும் உரிமையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாங்கிய அன்றே மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்து, தேதி, நேரத்தைச் சரி செய்து, ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு வைக்க வசதி இருந்தால் 800-இல் நிறுத்திவிடுங்கள்.